39 நாளில் ஒரு கல்லூரி: வள்ளல் அழகப்பர் நமக்கு யார்?

பிரிஞ்சாங்: பட்டணத்தைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஏறும் குறுகிய சாலையில் அந்த வீடு இருக்கிறது. பாட்டி தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார். அம்மா பூந்தோட்டத்தில் வேலை செய்கிறார். மகள் படிவம் மூன்று. கணக்கில் கெட்டிக்காரி. அடுத்த ஆண்டு படிவம் நான்குக்குப் போகும்போது இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் உள்ள பாடத் தொகுப்பை எடுப்பதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் பேச்சு.

படிப்பு கடினம் என்று அந்தத் தாயார் பயப்படவில்லை. மகளால் முடியும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய கவலை வேறு. எஸ்.பி.எம். முடித்த பிறகு எங்கே போவாள், எவ்வளவு தூரம், தங்குவதற்கு என்ன செலவு, முதல் ஆண்டுப் பணத்தை யார் கட்டுவது? மலையில் பல்கலைக்கழகம் கிடையாது. தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேர்ந்து இறங்கும்.

அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் இந்தியப் பட்டதாரிகள் குறைவு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்பதுதான் அநேகமாக அந்தப் பேச்சுகளின் முடிவு. பிரிஞ்சாங் தாயாரிடம் ஆர்வமும் இருந்தது, விழிப்பும் இருந்தது. அவர் கேட்டது தூரத்தைப் பற்றியும் காசைப் பற்றியும்தான். இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே செயலில் பதில் சொன்ன ஒருவர் இருந்தார். அவர் காரைக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய சொத்தில் ஒரு பகுதி நம் மலாயா மண்ணில் இருந்தது. அதனால்தான் அவர் கதையை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

அழகப்பா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தொலைதூரக் கல்விப் பட்டம்தான் நினைவுக்கு வரும். நான் தமிழ் படித்தவன். எனக்கு அந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகம். அந்நாளைய திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தவர் அவர். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை பின்னாளில் தலைமை வகித்தது அந்தத் தமிழ்த்துறைக்குத்தான். ஆகவே என் மனத்தில் அவர் வெகுகாலம் ஒரு தமிழ்ப் புரவலராகவே இருந்தார். அவர் கொடுத்ததில் பெரும்பங்கு வேதியியல் கூடங்களுக்கும் பொறியியல் பட்டறைகளுக்கும் போனது என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தேன்.

அழகப்பர் 1909 ஏப்ரல் 6ஆம் நாள் கோட்டையூரில் பிறந்தார். தந்தை இராமநாதன் செட்டியார், தாய் உமையாள் ஆச்சி. நகரத்தார் குடும்பங்களில் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்றால் கணக்கு வழக்கு தெரிவதுதான். ஐந்தொகை போடத் தெரிந்தால், வட்டி கணக்கிடத் தெரிந்தால், கப்பலேறிவிடலாம். பர்மாவிலோ பினாங்கிலோ ஏதாவது ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து தொழில் பழகுவார்கள். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் நம் தாத்தாக்கள் கண்ட செட்டியார்கள் பலரும் அப்படி வந்தவர்களே.

அழகப்பர் அந்த வழியில் போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. நகரத்தார் சமூகத்தில் முதல் எம்.ஏ. என்று அவரைச் சொல்வார்கள். பிறகு இலண்டன். அங்கே பாரிஸ்டர் படிப்பை முடித்தார், சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார், குரோய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வக்கீல், வங்கி, விமானம் என்ற மூன்றையும் ஒருசேரக் கற்றவர் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வேலையில் அடங்கி இருக்கிற மனிதர் அல்ல.

ஊர் திரும்பியவர் வியாபாரத்தில் இறங்கினார். 1937இல் திருச்சூர்ப் பக்கம் நூல் ஆலை தொடங்கினார். அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் அழகப்பா நகர் என்றே பெயர். அடுத்தடுத்து காப்புறுதி நிறுவனம், தங்கும் விடுதி, சினிமாக் கொட்டகை, பங்குச் சந்தைத் தொழில் என்று விரிந்தது. ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக ஒரு விமான நிறுவனம்கூட நடத்தினார். மலாயாவில் அவருக்கு ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மலாயாவில் தோட்டம் என்றால் அதில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920களின் கடைசியில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரத்துக் கடினமான பகுதிகளில் சில காசு கூடுதல். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படித்தான் லயத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, சில வகுப்புகள். பள்ளிக்கூடம் முடிந்தால் மறுநாள் வெளிக்காட்டு வேலை. அந்தப் பள்ளிகளிலிருந்து ஒரு பொறியியலாளர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரவேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை.

இப்போது 1944. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். தொழில்நுட்பம் கற்பிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்ற திட்டத்துக்கு அழகப்பர் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். கிண்டியில் அவர் பெயரிலேயே தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வேதிப் பொறியியல், துணி நுட்பம், தோல் நுட்பம் ஆகியவை அதன் பாடங்கள். தேர்ந்தெடுத்த பாடங்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். தமிழ்நாட்டில் நூல் ஆலைகள் இருந்தன, தோல் பதனிடும் கூடங்கள் இருந்தன. படித்து முடிக்கும் பிள்ளைக்கு வேலை எங்கே என்பதற்குப் பாடத்திலேயே பதில் இருந்தது. அந்தக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்.

1944 என்றால் மலாயா ஜப்பானியர் கையில் இருந்த காலம். மலாயாச் சொத்திலிருந்து சென்னைக்குப் பணம் போயிருக்க வழியில்லை. ஆகவே அந்த ஐந்து லட்சத்தை மலாயா ரப்பர்ப் பணம் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டுகளில் இங்கே தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. வரலாறு எழுதும்போது பெருமையை மட்டும் பொறுக்கி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அழகப்பருக்கு நாற்பது வயது ஆகும் முன்பே பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. இந்தியா விடுதலை பெற்றதும் அவர் அதைத் துறந்தார். அந்த விடுதலைக்கு ஆறு வாரத்துக்கு முன் நடந்ததுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1947 ஜூலை 3ஆம் நாள். அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா மேடை. துணைவேந்தர் முதலியார் பேசும்போது, கல்லூரிகள் எல்லாம் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கின்றன, செல்வர்கள் முன்வந்து நாட்டுப்புறங்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வேண்டுகோள்களை நாமும் எத்தனையோ விருந்து மேடைகளில் கேட்டிருக்கிறோம். கைதட்டுவோம், பரிசீலிப்போம் என்போம், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அழகப்பர் அந்த மேடையிலேயே எழுந்து, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். மறுநாள் ஒரு லட்சம் ரூபாய்க்குக் காசோலை போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 11ஆம் நாள் காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கிவிட்டது.

எண்ணிப் பார்த்தால் 39 நாள். சொந்தக் கட்டடம் பிறகு வந்தது. வளாகம் பிறகு வந்தது. முதலில் வந்தவர்கள் மாணவர்களும் ஆசிரியர்களும்தான். நம்மிடையே எத்தனையோ கல்வித் திட்டங்கள் கட்டடக் குழுவிலேயே முடங்கிக் கிடக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் இந்த வரிசைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காரைக்குடி அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். செம்மண், முட்புதர், வானம் பார்த்த பூமி. பெரிய பெரிய வீடுகள் உண்டு, ஆனால் அவற்றைக் கட்டிய பணம் கடல் கடந்து வந்த பணம். சுற்று வட்டாரத்துக் குடியானவர் பிள்ளையோ நெசவாளர் பிள்ளையோ கல்லூரியில் படிக்க வேண்டும் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த் தங்க வேண்டும். கேமரன் மலைப் பிள்ளை இன்று கீழே இறங்குவதைப் போலத்தான். பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்ப உதவித்தொகை கொடுப்பது ஒரு வழி. கல்லூரியையே பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. அழகப்பர் இரண்டாவதைத் தேர்ந்தார். உதவித்தொகை ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும். பக்கத்தில் உள்ள கல்லூரி, படிக்க வேண்டும் என்று நினைத்தே பார்க்காத பிள்ளையையும் உள்ளே இழுக்கும்.

கலைக் கல்லூரியோடு நின்றிருந்தால் அவர் ஊருக்கு நல்லவர் என்ற அளவில் போயிருப்பார். அடுத்து அவர் எடுத்த காரியம் இந்தியாவுக்கே பெரியது.

விடுதலை பெற்ற இந்தியா, அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் தேசிய ஆய்வுக்கூடங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் சாந்தி சுவரூப் பட்நாகர். இயற்பியல் கூடம் டில்லிக்கு, வேதியியல் கூடம் புனேவுக்கு, உலோகவியல் கூடம் ஜாம்ஷெட்பூருக்கு. எல்லாம் பெயர் பெற்ற ஊர்கள். மின்வேதியியலுக்கென்று ஒரு கூடம் வரப்போகிறது என்றபோது, அதைக் காரைக்குடியில் அமைத்தால் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக அழகப்பர் சொன்னார். அந்தக் காலத்து 15 லட்சம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: கிண்டித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவரே கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், தைப்பொங்கல் வேளையில், துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். சிக்ரி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

மின்வேதியியல் என்றால் ஏதோ தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளின் பளபளக்கும் குரோமியப் பூச்சு, சார்டின் டின்னின் உட்புறத்து ஈயப் பூச்சு, குழாய்த் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் குளோரின், அலுமினியச் சட்டி, லோரி பேட்டரி, கைப்பேசிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி எல்லாமே இந்த அறிவியலின் வேலைகள். மின்சாரத்தைக் கொண்டு வேதிமாற்றத்தை நடத்துவது, அல்லது வேதிமாற்றத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பது, அவ்வளவுதான் அடிப்படை. இரும்பு துருப்பிடிப்பதும் இதில் அடங்கும். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று ஆராய இந்த ஆய்வகத்துக்கு மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் இருக்கிறது. மலாயாவில் ஈயச் சுரங்கம் வைத்திருந்தவர், உலோகத்தைப் பற்றிப் படிக்கும் ஆய்வகத்துக்கு நிலம் கொடுத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இது என் எண்ணம். அவர் அப்படி நினைத்துத்தான் செய்தாரா என்று சொல்ல நான் யார்?

இதற்கிடையில் வளாகம் வளர்ந்துகொண்டே போனது. 1952இல் பொறியியல் கல்லூரி. அதோடு பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, உயர்நிலைப்பள்ளி, சிறு பிள்ளைகளுக்கு மாண்டிசோரிப் பள்ளி. மூன்று வயதுக் குழந்தை நுழைந்தால் ஆராய்ச்சியாளராக வெளியே வரும் அளவுக்கு ஒரே ஊரில் படிக்கட்டுகளை அடுக்கினார். பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் வாழ்ந்த காரைக்குடி வீட்டையே கொடுத்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காமல் விடுவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பொறியியல் கல்லூரிக்குக் கிடைக்கும் மாலையும் மரியாதையும் அதற்குக் கிடைக்காது. ஆனால் கிராமத்துப் பள்ளியில் கணக்கையும் அறிவியலையும் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் இல்லை என்றால், பொறியியல் கல்லூரியின் இருக்கைகளில் சென்னைப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் கல்லூரி இருந்தும் ஊர்ப் பிள்ளை வெளியே நின்று பார்க்கும். பாலிடெக்னிக்கும் அப்படித்தான். பட்டப் படிப்பு எட்டாத பிள்ளை டிப்ளோமாவோடு பட்டறைக்குள் நுழைய அது ஒரு வாசல். அறிவியல் பட்டதாரிகளைக் கூட்ட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் உச்சியில் இருக்கும் கிளையை மட்டும் பார்ப்பார்கள். அழகப்பர் வேரிலிருந்து பார்த்திருக்கிறார்.

அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. தீராத நோய் நீண்ட காலம் அவரை வருத்தியது. கொடுக்கக் கொடுக்கக் கைப்பொருளும் கரைந்தது. வணிகத்தில் அவர் அமைத்தவற்றில் பல நிலைக்கவில்லை. விமான நிறுவனம் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. கல்வியில் அமைத்தவை நின்றன. இந்திய அரசு அவருடைய கடைசி ஆண்டுகளில் பத்மபூஷண் விருது வழங்கியது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அவர் தொடங்கிய கல்லூரிகள் பலவற்றைத் தாங்கி 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. பொறியியல் கல்லூரி அரசுக் கல்லூரியாக இன்றும் நடக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் தோட்டத்தில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. மலாயாத் தோட்டங்களின் வருமானம் செட்டிநாட்டில் கல்லூரியாக முளைத்தது சரி. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே என்ன முளைத்தது? இந்தக் கேள்வியை அழகப்பர் ஒருவர் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. இங்கே பெருந்தோட்டங்களை வைத்திருந்த ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுபோன இலாபத்தோடு ஒப்பிட்டால் செட்டியார்களின் பங்கு சிறியது. அந்தக் கம்பெனிகள் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரி கட்டிக் கொடுக்கவில்லை. அழகப்பராவது சம்பாதித்ததைத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பில் போட்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான். பால் எடுத்தது ஓரிடம், பலன் கண்டது வேறிடம்.

நாம் சும்மா இருந்துவிட்டோம் என்றும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தாங்கள் உழைத்த தோட்டங்களுக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். சம்பந்தன் பட்டம் பெற்றது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அதைக் கட்டியவரும் ஒரு செட்டிநாட்டார்தான். 1984இல் மாஇகா தன் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யை நிறுவியது. அதன் வழியாக 2001இல் கெடாவில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் நடப்பைப் பற்றி ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம். மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு இந்தியச் சமூகம் இந்த நாட்டில் எழுப்பிய பல்கலைக்கழகம் அது என்பதை மறுக்க முடியாது.

அரசாங்கத்துக்கும் இலக்கு உண்டு. நூறு மாணவர்களில் 60 பேர் அறிவியல், 40 பேர் கலை என்ற கொள்கை 1967இல் வகுக்கப்பட்டு, 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த 60ஐ நாடு எட்டவில்லை. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை நம் சக்தியில் பெரும்பகுதி மொழி விவாதத்தில் போய்விட்டது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. பின்னர் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. அப்புறம் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த விவாதத்தில் அழுத்தமான கருத்து உண்டு, பிள்ளைக்குப் புரியும் மொழியில்தான் அறிவியல் தொடங்க வேண்டும் என்பேன். ஆனால் அந்த விவாதத்துக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியை, படிவம் நான்கில் சேரும் தோட்டத்துப் பிள்ளைக்கு வேதியியல் சொல்லித்தர யார் இருக்கிறார்கள், கீழே இறங்கினால் எங்கே தங்குவாள் என்ற பேச்சுக்குச் செலவிட்டோமா?

பிரிஞ்சாங்கிலிருந்து தாப்பா வழியாக இறங்கினால், கொஞ்ச தூரத்தில் கம்பார். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகம் அங்கே நிற்கிறது. சீனச் சமூகம் பணம் திரட்டி எழுப்பிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அது. ஈயம் எடுத்து முடித்த குட்டைகளுக்குப் பக்கத்தில் இன்று பொறியியல் வகுப்புகள் நடக்கின்றன. நம் மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். அந்த வளாகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் காரைக்குடி நினைவு வரும். ஓர் ஊரில் ஒரு தனி மனிதர் செய்ததை இங்கே ஒரு சமூகம் சேர்ந்து செய்திருக்கிறது. பணம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மண்ணிலேயே செய்திருக்கிறது.

கேமரன் மலையில் தனியாகப் பல்கலைக்கழகம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கான பிள்ளைகளின் எண்ணிக்கையும் இங்கே இல்லை. ஆனால் கீழே கம்பாரிலோ ஈப்போவிலோ மலைப் பிள்ளைகள் தங்க ஒரு வீடு, வார இறுதியில் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஒரு வகுப்பு, முதல் பருவக் கட்டணத்துக்குக் கைமாற்றாக ஒரு சிறு நிதி. இவற்றுக்கு 300 ஏக்கர் தேவைப்படாது. கோயில் மண்டபமே போதும். மலையில் நன்றாக வியாபாரம் செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து போய் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பொறியியலாளர்களாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறார்கள்.

நான் போன அன்று அந்தத் தாயாரிடம் அழகப்பர் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, காரைக்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிள்ளையார்பட்டிக்குப் பக்கம் என்றேன். உடனே அவருக்குப் பிடிபட்டது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்களோடு தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா போனபோது பிள்ளையார்பட்டியில் இறங்கியிருக்கிறார். காரைக்குடியில் சாப்பிட்டிருக்கிறார். கல்லூரியை யாரும் காட்டவில்லை.

நம் ஆட்கள் ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாகப் போகும் வழி அது. பிள்ளையார்பட்டியிலிருந்து காரைக்குடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அழகப்பா கல்லூரிகளும் மின்வேதியியல் ஆய்வகமும் ஊருக்குள்ளேயே, கல்லூரிச் சாலையை ஒட்டி இருக்கின்றன. செப்டம்பர் 26 இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் நிறுவன நாள். அதையொட்டி ஆய்வகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுவது வழக்கம். பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போகலாம்.

மகள் இன்னும் பாரத்தை நிரப்பவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டுமாம்.